எட்டு வருஷத்துக்கு ஒரு பேட்டரி

தேங்காய்ப்பட்டணத்தில் மைமூன் பீவியை முகம் பார்த்து அறியாதவர்களுக்கும் அவளுடைய வண்டியைத் தெரியும். இரண்டே கதவுள்ள குட்டிக் கார். ஒரு காலத்தில் நல்ல பச்சையாக இருந்திருக்கும். உப்புக்காற்று தின்று இப்போது காய்ந்த முருங்கையிலையின் நிறம். கரண்டில் ஓடுகிற வண்டி என்பதால் சத்தம் கிடையாது. துறைமுகச் சாலையில் மீன் சருவத்தோடு நடந்துபோகும் பெண்கள், அது பக்கத்தில் வந்து நிற்கும்வரை அறியாமல், "எம்மா, பூனையப் போலல்லா வருது!" என்று நெஞ்சில் கைவைப்பார்கள். கார் ஓட்டப் படித்ததில் மைமூனுக்குக் கொஞ்சம் கெறுவு உண்டு என்று சொல்பவர்களும் உண்டு. அவளோ ஐம்பது வயதுக்கு மேல், வேறு வழியில்லாமல் ஓட்டப் படித்தவள்.

அவளுடைய மாப்பிள்ளை முகம்மது ஹனீபா, கல்யாணம் கழிந்த மறுமாதமே சவுதியில் தம்மாமுக்குத் திரும்பிப் போனவர். அங்கே மீனை உறையவைத்துப் பெட்டியில் அடைக்கிற ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். குளிரறைகள் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு. வந்தால் விருந்து வீடு, மௌத்து வீடு, பத்திர ஆபீஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று நாள் ஓடிவிடும். ஃபஹீம் பிறந்தான், ஷஹ்லா பிறந்தாள், ஓட்டு வீடு கான்கிரீட் வீடானது, ஷஹ்லாவைக் குளச்சலில் கட்டிக்கொடுத்தார்கள், ஃபஹீம் கத்தாருக்குப் போனான். இத்தனையும் நடந்து முடிந்தபோது அவர்கள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்திருந்த காலத்தைக் கூட்டினால், ஒரு பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற வயதுகூடத் தேறாது.

கடைசியாக வேலையை விட்டு வந்த ஹனீபா, திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் விற்ற அந்தப் பழைய கரண்ட் வண்டியை வாங்கிவந்தார். கம்பெனி அந்த மாடலைச் செய்வதையே நிறுத்தியிருந்தது. "வாப்பா, வேற வண்டியே கெடைக்கலியா?" என்று ஃபஹீம் போனில் சிரித்தான். ஹனீபா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பகல் முழுக்க அதன் வயர்களுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பார். அவருக்கு அதுவே சந்தோஷம். அந்த சந்தோஷம் ஒரு மழைக்காலம் வரைக்கும் இருந்தது. கால்கள் இரண்டும் வீங்கி செருப்புக்குள் நுழையாமல் ஆனபோது ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு கிட்னியும் ஏறக்குறையப் போய்விட்டது என்றார்கள். பாலைவன வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தவர்களுக்கு இப்படி வருவதுண்டு என்று ஒரு டாக்டர் சொன்னார். "நான் வேல செய்தது ஐஸ் ரூமிலல்லா சார்" என்றார் ஹனீபா.

வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். பக்கத்தில் மார்த்தாண்டத்தில் இடம் கிடைக்கவில்லை, நாகர்கோவிலில்தான் கிடைத்தது. முதலில் ஹனீபாவே ஓட்டிக்கொண்டு போனார். ஆனால் ரத்தத்தைச் சுத்தம் செய்து வெளியே வரும்போது தலை சுற்றும், கண் இருட்டும். ஒருநாள் இரணியல் பக்கம் வண்டி ஓரம் சாய்ந்து ஓடைக்குள் இறங்கப் பார்த்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடந்தபடியே சொன்னார்:

"மைமூனே, நீ படி."

"என்னத்தப் படிக்க?"

"வண்டி ஓட்ட. இதில கியர் இல்ல, கிளச்சு இல்ல. தையல் மெஷின் மிதிக்கத் தெரிஞ்சவளுக்கு இது ஒரு வேலையா?"

துறைமுகத்துக்குப் பக்கத்தில் வலை காயப்போடுகிற வெளியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். வலை உணக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, துடிக்கிற மீனைப் பிடிக்கிற மாதிரி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஓட்டினாள். லைசென்ஸ் கிடைத்த அன்று ஹனீபா புதுக்கடையில் அல்வா வாங்கிக் கொடுத்தார். சர்க்கரையும் அவருக்கு ஆகாது என்பதால் அவள் மட்டும் தின்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை மைமூன் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் அவர்கள் அதிகம் பேசுகிறவர்கள் அல்ல. பழக்கம் கிடையாது. போனில் பேசிய முப்பது வருடத்தில் காசு கிடைத்ததா, பிள்ளைக்குச் சுகமா, மழை உண்டா என்பதைத் தாண்டிப் பேச்சு போனதில்லை. வண்டிக்குள் வந்ததும் அவருக்கு வாய் திறந்தது. இருவரும் முகத்துக்கு முகம் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ. தம்மாமில் கூடத் தங்கியிருந்த எகிப்துக்காரன் தூக்கத்தில் இறந்து கிடந்ததையும், காலையில் அவனுடைய அலாரம் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்ததையும் சொன்னார். முதல் வருடம் குளிரறைக்குள் ஒளிந்து நின்று அழுததைச் சொன்னார். அவளும் சொன்னாள்: மாமியார் சாகும்முன் படுத்திய பாட்டை, ஃபஹீம் பத்தாம் வகுப்பில் வீட்டை விட்டு ஓடிப்போய் மூன்றாம் நாள் திரும்பி வந்ததை. "இத நீ எனக்கிட்ட சொல்லவே இல்லியே?" என்று அவர் கேட்டால், "சொல்லி என்ன, நீங்கோ பறந்தா வரப்போறீங்கோ?" என்பாள். இருவரும் சிரிப்பார்கள்.

ஃபஹீமுக்கும் ஷஹ்லாவுக்கும் நடுவில் ஒரு பெண்பிள்ளை பிறந்து, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. ஹனீபா அப்போது தம்மாமில். போட்டோ எடுக்கவில்லை. வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. ஒருநாள் திங்கள்சந்தை தாண்டும்போது அவர் சட்டென்று கேட்டார்:

"அந்தப் பிள்ளைக்கு ஆருக்க முகம்?"

மைமூனுக்கு எந்தப் பிள்ளை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டினாள். பிறகு சாலையோரம் நிறுத்தினாள்.

"ஒங்க உம்மாக்க சாயல். நெத்தி அப்படியே அவியதான். மூக்கு மட்டும் எனக்குள்ளது."

ஹனீபா தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் வெளியே வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. "எடு, டயாலிசிஸுக்கு நேரமாவுது" என்றார். அந்த முப்பது வருடமும் அன்றைக்குத்தான் ஒரு முடிவுக்கு வந்தது போல அவளுக்கு இருந்தது.

பேட்டரி தளர ஆரம்பித்தது அதற்கப்புறம். முன்பெல்லாம் காலையில் நிறைய சார்ஜ் போட்டுக் கிளம்பினால் போய்விட்டு வந்துவிடலாம். பிறகு நாகர்கோவிலில் ஒரு இடம் பார்த்துச் சார்ஜ் போடாமல் திரும்ப முடியாது என்றானது. ஆஸ்பத்திரிக்கு எதிரே தையல்கடை வைத்திருந்த முத்துக்கனி தன் கடையில் வயரை மாட்டிக்கொள்ளச் சொன்னாள். ஹனீபா உள்ளே மெஷினில் கிடக்கும்போது வண்டி வெளியே வயரில் கிடக்கும். "ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பிறகு அதுவும் போதாமல் ஆனது. சார்ஜை மிச்சம் பிடிக்க ஏசியை நிறுத்தினார்கள். சித்திரை வெயிலில், ரத்தம் கழுவி வந்த உடம்போடு, ஹனீபா கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டு வருவார். அவள் ஏசி சுவிட்சுக்குக் கை நீட்டினால் தடுத்துவிடுவார். "வேண்டாம். கருங்கல் ஏத்தம் கெடக்கு."

கருங்கல் என்ற ஊரின் அந்த ஏற்றத்தில்தான் ஒருநாள் வண்டி நடக்க ஆரம்பித்தது. நடை என்றால் நடைதான். பக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் முந்திப் போனார்கள். ஏற்றத்தின் பாதியில் அடியோடு நின்றது. அங்கே கரண்ட் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் பழுது பார்க்கிற ஷாஜன் என்பவரின் ஒர்க்‌ஷாப் பக்கத்தில்தான் இருந்தது. நாலு பேர் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள்.

ஷாஜன் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஹனீபாவை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிட்டார். வண்டிக்கு அடியிலிருந்த பேட்டரிப் பெட்டியை இறக்கித் திறந்து, ஒவ்வொரு செல்லாக அளந்தார். ஹனீபா பிளாஸ்டிக் நாற்காலியில், ஊசி குத்திய கையில் பஞ்சுக்கட்டோடு, பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக அவர் முகத்தில் காணாத ஒரு தெளிச்சி.

"செல்லுகள் பாதி போச்சு காக்கா. ஒண்ணு களைச்சா மத்ததெல்லாம் அதுக்க அளவுக்குத்தானே ஓடும்?"

"போனத மட்டும் மாத்தினா?"

"பழசுக்கும் புதுசுக்கும் ஒத்துப்போகாது. மொத்தமா மாத்துததுதான் நல்லது."

அன்றைக்கு ஷாஜன் எதையோ சரிக்கட்டி வண்டியை ஓடும்படி செய்து கொடுத்தார். ஆனால் அது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு ஹனீபாவுக்கு அதே நினைப்பு. டயாலிசிஸ் மெஷினில் கிடந்தபடி ஒற்றைக் கையால் போனைத் தடவித் தடவி ஊர் ஊராக விசாரித்தார். புதுக்கடையில் இன்வெர்ட்டர் விற்கிறவர், சாதாரண ஆசிட் பேட்டரியை அடுக்கிவிடலாம் என்றார். "அத வச்சா பாரம் தாங்காம வண்டி முக்கும்" என்று அவரை ஹனீபா தள்ளிவிட்டார். கடைசியில் இரண்டு வழிதான் நின்றது. கொச்சியில் விபத்தில் நொறுங்கிய இதே ஜாதி வண்டியிலிருந்து எடுத்த பேட்டரி ஒன்று இருந்தது. ஷாஜனால் இரண்டே நாளில் மாட்ட முடியும். ஆனால் எவ்வளவு காலம் ஓடும் என்று யாரும் உறுதி சொல்லமாட்டார்கள். மற்றது கோயம்புத்தூரில் ஒரு பட்டறை. புதுச் செல்களை அடுக்கி, இந்தப் பெட்டிக்கே அளவாகச் செய்து தருவார்கள். சூடு தாங்கும். எட்டு வருஷ வாரண்டி. ஆனால் பழைய பெட்டியை வயரோடு அங்கே அனுப்ப வேண்டும், திரும்பி வர மூன்று வாரம் ஆகும், முன்னே பின்னேயும் ஆகலாம். அதுவரை வண்டியை ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கி நிறுத்தி வைக்க வேண்டும்.

கருங்கலில் வைத்து ஷாஜன் இதையெல்லாம் விளக்கிவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்:

"காக்கா, ஒங்களுக்கு எத்தன வருஷத்துக்கு ஓடணும்? அதச் சொன்னா எது கொள்ளாம்ணு நான் சொல்லுதேன்."

எந்த ஆளிடமும் கேட்கிற கேள்விதான். கேட்டு முடித்த பிறகே ஹனீபாவின் கையிலிருந்த பஞ்சுக்கட்டு ஷாஜனின் கண்ணில் பட்டது. சட்டென்று குனிந்து, கீழே கிடக்காத எதையோ தேடினார். ஹனீபா மைமூனைப் பார்த்தார். மைமூன் சாலையில் போகிற பஸ்ஸைப் பார்த்தாள்.

"ஆலோசிச்சுச் சொல்லுதேன் மக்கா" என்றார் ஹனீபா.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மைமூன்தான் முதலில் பேசினாள்.

"கொச்சியில உள்ளது போதும்."

"அது பழசு."

"பழசுண்ணா என்ன? ரெண்டு நாள்ல வண்டி கையில வந்துரும்."

"ஒரு வருசத்தில அதுவும் போச்சுண்ணா?"

"அப்பம் பாத்துக்கிடலாம்."

"அப்பம் ஆரு பாப்பா?"

ஹனீபா கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

"நீ கோவப்படாத. எனக்கு வேண்டி இல்ல, ஒனக்கு வேண்டித்தான் சொல்லுதேன். நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ போவணும்ணா நீ ஆருக்க வாசல்லயும் போய் நிக்கக்கூடாது. சாவிய எடுத்தியா, போனியா, வந்தியாண்ணு இருக்கணும். பிள்ளையளுக்கு அவிய அவிய பாடு. எட்டு வருசம் கழிஞ்சா ஒனக்கும் ஓட்ட வய்யாம ஆவும். அதுவர இது ஓடட்டும்."

"அந்த மூணு வாரம்?"

"டாக்சியில போவோம். மூணு வாரம் ஒரு காலமா?"

"நீங்கோ எப்பளும் இப்படித்தான்!" அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "எல்லாம் பொறவு, எல்லாம் பொறவு. வீடு கெட்டின பொறவு வாரேன். மோளக் கெட்டிக்குடுத்த பொறவு வாரேன். இப்பம் இதுவும்."

ஹனீபா திகைத்துப்போனார். இதில் எதற்காக இவ்வளவு கோபம் என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. மூன்று வாரம் இந்த வண்டி இல்லாமல் ஆகிவிடும், டாக்சியில் வேறொரு ஆள் இருப்பான், நம்மால் பேச முடியாது: இதைச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். சொல் நாக்கு நுனிவரை வந்தது. பேரப்பிள்ளை எடுத்தவள், மாப்பிள்ளையிடம் உங்களோடு பேச வேண்டும் என்று எப்படிச் சொல்வது? வெட்கம் அவள் வாயைக் கட்டியது. புதுக்கடை சந்தி நெரிசலில் வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுத்தாள். வீடு வந்தது.

இரண்டு நாள் கழித்து அவளே ஷாஜனிடம் சாவியைக் கொடுத்தாள். "கோயம்புத்தூருக்கே விட்டிருங்கோ" என்றாள். ஹனீபாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, செய்தது சரிதான் என்றுகூட நினைத்தாள்.

பெட்டி லாரியில் போனது. வண்டி நாலு ஸ்டாண்டில் நின்றது. டாக்சி ஓட்டிய லிஜின் நல்ல பையன். படி இறங்கும்போது ஹனீபாவைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக் கொண்டுவருவான். ஏசியும் நன்றாகக் குளிரும். சீட்டைச் சாய்க்கலாம் என்பதால் ஹனீபாவை முன்னால் இருத்தினான். மைமூன் பின்னால். அவளுக்கு அவர் தலையின் பின்புறமும் ஒரு காதும்தான் தெரியும். லிஜின் பாட்டுப் போடுவான், போனில் பேசுவான், ஹனீபாவிடம் சவுதியைப் பற்றி விசாரிப்பான். அவர் மரியாதைக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

மூன்று வாரம் கடந்தது. செல்கள் துறைமுகத்தில் தங்கிவிட்டன என்று கோயம்புத்தூரிலிருந்து சொன்னார்கள். ஹனீபா தினமும் கூப்பிட்டுக் கேட்பார். அவருக்குச் சாப்பாடு இறங்காமல் ஆனது அந்தச் சமயத்தில்தான். கை மெலிந்து, ஊசி குத்திய நரம்பு மட்டும் கயிறாகப் புடைத்து நின்றது.

ஒருநாள் திரும்பி வரும் வழியில், வில்லுக்குறிப் பக்கம், அவர் கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தார்.

"மைமூனே."

"என்னது?"

உதட்டில் ஏதோ வந்தது. லிஜின் பாட்டின் சத்தத்தைக் குறைத்தான், அவனும் நல்லெண்ணத்தில்தான். ஹனீபா அவனை ஒருமுறை பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. வண்டி வரட்டு, பொறவு சொல்லுதேன்."

வீட்டுக்கு வந்ததும் மைமூன் கேட்டாள். "என்னமோ சொல்ல வந்தீங்கோல்லா?" அவர் பாதி உறக்கத்தில் இருந்தார். "மறந்து போச்சு" என்றார். நினைவிருந்தும் அப்படிச் சொன்னாரா, உண்மையிலேயே மறந்ததா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரம், டயாலிசிஸ் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, மைமூன் வராந்தாவில் சாயா குடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் ரேஷ்மி கதவைத் திறந்துகொண்டு வேகமாக வந்தாள். எப்போதும் 'உம்மா' என்று கூப்பிடுகிறவள், அன்று ஒன்றும் கூப்பிடாமல் கையைப் பிடித்தாள். உள்ளே போனபோது நாலைந்து பேர் அவரைச் சுற்றி நின்றிருந்தார்கள். பிரஷர் இறங்கி நெஞ்சு நின்றுவிட்டது. மெஷினிலிருந்து குழாய்களை ரேஷ்மிதான் கழற்றினாள். மைமூன் அவருடைய காலைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கமெல்லாம் வடிந்து, கல்யாணமான புதிதில் பார்த்த கால் போல இருந்தது.

அன்றைக்கே அடக்கினார்கள். கத்தாரிலிருந்து ஃபஹீம் வந்து சேர்ந்தது மறுநாள் காலை.

இத்தா இருக்கத் தொடங்கினாள் மைமூன். கணவன் போனவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்கக்கூடாது. ஷஹ்லா கூட இருந்தாள். மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த சில நாட்களில் ஷாஜன் போன் செய்தார். பெட்டி வந்துவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஃபஹீம்தான் பேசினான்.

"அத அவங்களுக்கே திருப்பிக் குடுத்திர முடியுமா அண்ணே? வண்டியயும் ஆராவது கேட்டா தள்ளிவிட்டிருவோம். இனி ஆரு ஓட்டுவா?"

உள்ளறையிலிருந்து மைமூனின் சத்தம் வந்தது.

"மாட்டச் சொல்லு."

"உம்மா, அது வெறுதே..."

"ஒங்க வாப்பா பாத்துப் பாத்து எடுத்தது. மாட்டச் சொல்லு."

"மாட்டிருங்கோ அண்ணே" என்று ஃபஹீம் போனில் சொன்னான்.

ஷாஜன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் விட்டபோது, சன்னல் கம்பிக்குள்ளே நின்று அவள் பார்த்தாள். "இனி எட்டு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம்" என்று ஷாஜன் ஃபஹீமிடம் சொன்னது காதில் விழுந்தது. அவர் நல்லதாகத்தான் சொன்னார். மைமூனுக்கு அந்த நேரத்தில் ஹனீபாவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செத்துப்போனவர் மேல் கோபப்படுவது பாவம் என்று தஸ்பீஹ் மணியை எடுத்து உருட்டினாள். கோபம் அதற்கும் அடங்கவில்லை. அந்தக் கொச்சி பேட்டரியை மாட்டியிருந்தால், இரண்டு நாளில் வண்டி வந்திருக்கும். அத்தனை வாரமும் போக வரப் பேசியிருக்கலாம். எட்டு வருடத்தை எனக்கு வாங்கிக் கொடுக்க, இருந்த ஒரு மாதத்தை விற்றுவிட்டாரே. சன்னலை அடைத்தாள். ஷஹ்லா வந்து கேட்டபோது வெயில் அடிக்கிறது என்றாள்.

இத்தா கழிந்து அவள் முதன்முதலாக வண்டியை எடுத்தது நாகர்கோவிலுக்குத்தான். குளிர்பெட்டியில் ஹனீபாவுக்கு வாங்கிய ஊசிமருந்து சில மிச்சம் கிடந்தது. கொடுத்தால் வேறு யாருக்காவது உதவும் என்று ரேஷ்மி சொல்லியிருந்தாள். "நான் வாரேன் உம்மா" என்றாள் ஷஹ்லா. "வேண்டாம் மோளே" என்று தனியாகக் கிளம்பினாள்.

வண்டி பழைய வண்டியே அல்ல. மிதித்ததும் பாய்ந்தது. கருங்கல் ஏற்றம் எங்கே வந்தது, எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. பங்குனி முடிகிற வெயில். கண்ணாடியை இறக்கி வைத்து, வியர்த்து வழிந்துகொண்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். திங்கள்சந்தை தாண்டிய பிறகுதான், இனி ஏசி போடலாமே, சார்ஜை மிச்சம் பிடிக்கத் தேவையில்லையே என்று நினைவு வந்தது. கண்ணாடியை ஏற்றி சுவிட்சைத் தட்டினாள். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. பக்கத்துச் சீட்டின் பக்கமும் அதே காற்று போய்க்கொண்டிருந்தது. அந்தச் சீட்டில் அவர் சட்டை நனைந்து முதுகில் ஒட்ட இருந்ததும், சுவிட்சுக்கு நீண்ட தன் கையைத் தடுத்ததும் அவளுக்கு வந்தது. வண்டியை ஓரம் கட்டினாள். வீட்டில் அத்தனை பேர் நடுவில் அழாத அழுகை அங்கே வந்தது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் வெளியே யாருக்கும் கேட்கவில்லை. ஒரு பலாப்பழ வண்டிக்காரர் மட்டும் குனிந்து பார்த்து, "என்ன தாயி, வண்டி நின்னு போச்சா?" என்று கையால் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் ரேஷ்மி மருந்தை வாங்கிக்கொண்டாள். ஹனீபா கிடந்த கட்டிலில் ஒரு நடுவயதுக்காரர் கிடந்தார். அவருடைய மனைவி போலும், பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். மைமூன் அதிகம் நிற்கவில்லை. காத்திருக்க ஒன்றுமில்லாமல் அந்தக் கட்டடத்தை விட்டு அவள் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. சாயா குடிக்கலாமா என்று யோசித்தாள். குடிக்காமலே திரும்பினாள்.

இப்போது ஊரில் யாருக்காவது அவசரம் என்றால் மைமூனைத் தேடி வருகிறார்கள். பிரசவத்துக்குப் பக்கத்து வீட்டு ஷாஹினாஸைக் கொண்டுபோனதும், கால் முறிந்த ஒரு வள்ளக்காரரைக் கொண்டுபோனதும் அந்த வண்டியில்தான். பின்சீட்டில் ஏறுகிறவர்கள் ஓயாமல் பேசுவார்கள். அவள் கேட்டுக்கொண்டு ஓட்டுவாள். எதையாவது திருப்பிக் கேட்டால் "ம்" என்பாள்.

ஃபஹீம் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்து கூப்பிடுவான். சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா, ஷஹ்லா வந்தாளா. அதற்குமேல் என்ன கேட்பதென்று அவனுக்கும் தெரியாது.

"வண்டி எப்படி உம்மா?"

"கொள்ளாம்."

"சார்ஜ் நிக்குதா?"

"நல்லா நிக்குது மோனே. ஒரு பாடு நேரம் நிக்குது."

பிறகு அவன், "செரி உம்மா, வைக்கட்டா?" என்பான். ஒரு வெள்ளிக்கிழமை அவள் வைக்கச் சொல்லவில்லை.

"ஒனக்கு ஜோலி உண்டுமா?"

"இல்ல, சொல்லுங்கோ."

"ஒனக்கும் ஷஹ்லாக்கும் எடையில ஒரு பிள்ள உண்டும். ஒனக்கு ஞாவகம் காணாது" என்று ஆரம்பித்தாள் மைமூன்.